இரட்டைக் கண்ணாடிக்குள் அம்மன்

நீலாம்பாள் என்னிடம் கடைசியாகச் சொன்னது, "புளிய ஊறப்போடுங்க, கறிவேப்பில வாங்கிட்டு வந்துடுறேன்" என்பது. நான் ஊறப்போட்டேன். அவள் மாடிப்படி இறங்கிப் போனாள். கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கறிவேப்பிலையைக் கடைக்காரர்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

அது போன மார்கழி. ஜன்னல் கேஸ் அதற்கு முந்தைய சித்திரையில் நடந்தது. தஞ்சாவூர் கீழவாசலில், கிரைண்டர் ரிப்பேர் கடையின் மாடியில், 'நீலாம்பாள் துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை உண்டு. துப்பறிவது அவள். நான், செழியன், உதவியாளன். கணவன் என்பது உபதொழில். எங்களுக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிக்கும் வேலைதான். இந்த ஒரு கேஸைத்தான் ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பல கதைகளில் கடைசியில் அம்மன் வாய் திறந்து பேசுகிறாள். அம்மன் பேசவில்லை. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பெயர் எழில்மொழி. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"எங்க ஜன்னலுக்குள்ள அம்மன் வந்துட்டா மேடம். எப்படியாவது வெளியில எடுக்கணும்."

"ஒப்பந்தம் போட்டுத்தான் குடிவந்தாங்களா?" என்று கேட்டேன்.

நீலாம்பாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இன்றைக்கு உங்களுக்கு ஒதுக்கிய ஒரு ஜோக் முடிந்தது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

எழில்மொழி வேதியியல் படித்தவள். ஒரத்தநாட்டுப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு அரிசி மில் ஷெட்டில் ஜன்னல் செய்கிறாள். ஒரு சட்டத்தில் இரண்டு கண்ணாடி. நடுவில் காய்ந்த காற்று. வெளிக் கண்ணாடியின் உள்முகத்தில், கண்ணுக்கே தெரியாத மெல்லிய தகரப் பூச்சு. வெளிச்சத்தை உள்ளே விட்டுவிட்டு வெப்பத்தை மட்டும் வெளியே திருப்பிவிடும். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஓரத்தில் குழாய் மாதிரி ஓர் அலுமினியப் பட்டை ஓடும். அதற்குள் நெல் உமிச் சாம்பலில் செய்த முத்துகள். உள்ளே ஈரம் இருந்தால் அந்த முத்துகள் குடித்துவிடும். சுற்றிலும் ரப்பர் பசை போட்டு அடைத்துவிட்டால் காற்று உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது.

"வெளிநாட்டு ஜன்னல்ல பாதி விலைதான் மேடம் எங்களது. மொத ஜன்னல மேலக்கரை அரசப்பன் ஐயா வீட்டு பெட்ரூம்ல மாட்டுனோம். நல்லாத்தான் இருந்திச்சு. போன மாசத்துலேருந்து கண்ணாடிக்கு நடுவுல வெள்ளையா படியுது. அத அம்மன்னு சொல்லிக் கும்பிட ஆரம்பிச்சுட்டாங்க. கிட்டயே விட மாட்டேங்கிறாரு."

"கும்பிட்டா கும்பிட்டுட்டுப் போறாங்க. ஒனக்கு என்ன நஷ்டம்?"

"உள்ள வெள்ள படிஞ்சா சீல் போயிடுச்சுன்னு அர்த்தம் மேடம். எங்க தொழில்ல அதுதான் சாவு. வேதாரண்யத்துல ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் குவார்ட்டர்ஸ் கட்டுறாங்க. ஜன்னல் பூரா எங்ககிட்ட வாங்கலாம்னு ஒரு யோசன இருக்கு. அவங்க ஆர்கிடெக்ட் பாத்திமா மேடம் நாளைக்குச் சாயந்தரம் அந்த மொத ஜன்னலப் பாக்க வராங்க. அதப் பாத்தா ஆர்டர் போச்சு. ஷெட்டயும் மூடிட வேண்டியதுதான். வேல பாக்குற பொம்பளைங்க எல்லாம் பழையபடி நடவுக்குப் போகணும்."

"யாரு மேல சந்தேகம்?"

"துரைராசு. தெற்கு வீதியில கண்ணாடிக் கடை. உமியில ஜன்னலான்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சவரு. அவரோட ஆளு ஒருத்தன் அந்த வீட்டுக்குக் கொசுவல அடிக்கப் போயிருக்கான். ஊசியால ஒரு ஓட்ட போட்டிருந்தாக்கூடப் போதும்."

மறுநாள் காலை நாங்கள் முதலில் போனது துரைராசு கடைக்கு. ஸ்கூட்டரை நீலாம்பாள் ஓட்டினாள். பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்வது என் பொறுப்பு.

துரைராசு எதையும் மறைக்கவில்லை. "நான் எதுக்கும்மா ஓட்ட போடணும்? போன வெள்ளிக்கெழம நானே அந்த ஜன்னலுக்குப் போய் எலுமிச்ச மால போட்டுட்டு வந்தேன்."

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"உமி கம்பெனி படுத்துடணும்னு."

"அந்தக் கம்பெனி செஞ்ச ஜன்னல்கிட்டயேவா?"

"அது ஜன்னல் இல்லம்மா, அம்மன்" என்றார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

வெளியே வந்ததும் நீலாம்பாள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள். "இவரு செய்யல. ஓட்ட போட்டவரு மாலைக்குச் செலவு பண்ண மாட்டாரு."

உச்சி தாண்டி மேலக்கரைக்குப் போனபோது, அரசப்பன் வீட்டுத் தெருவுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். எழில்மொழி அங்கே காத்திருந்து, கும்பிட வந்தவள் மாதிரி எங்களோடு சேர்ந்துகொண்டாள். செருப்பு விட டோக்கன் கொடுத்தார்கள். ஐஸ் கட்டி போட்ட அண்டாவில் நீர்மோர். வீட்டுக்காரர் அரசப்பன் வாசலில் நின்றார். அறுபதைத் தாண்டிய மிராசுதார், மகன் கத்தாரில். ஜரிகை வேட்டியும் சந்தனமுமாக, தன் சொந்தப் படுக்கையறைக்குத் தானே தர்மகர்த்தா ஆகியிருந்தார்.

"கட்டில் எங்க?" என்று கேட்டேன்.

"மாட்டுக் கொட்டகையில. கோயில்ல படுக்கலாமா?"

"வீட்டுல அம்மா?"

"அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. பீரோவத் தொறந்து ஒரு பொடவ எடுக்க விட மாட்டேங்கிறீங்களேன்னு கோவம். வரிசை பீரோவ ஒட்டித்தான் போவுது."

ஜன்னல் மேற்குப் பார்த்தது. உள் கண்ணாடியில், ஓர் ஆளின் தோள் உயரத்துக்கு, வெள்ளைப் படலம் ஒன்று விரிந்திருந்தது. பெண்கள் அதில் கிரீடமும் சூலமும் பார்த்தார்கள். ஒரு விவசாயி மேட்டூர் அணையில் மதகு திறந்திருப்பதைப் பார்த்தார். மற்ற எல்லோரையும்விட அவர்தான் பயபக்தியாகக் கும்பிட்டார்.

"உங்களுக்கு என்ன தெரியுது?" என்று நீலாம்பாள் என் காதோரம் கேட்டாள்.

"இட்லிப் பானை."

"பசிக்குதுன்னு சொல்லுங்க." அரசப்பனிடம் திரும்பினாள். "அம்மன் எப்பவும் இந்த இடத்துலதான் இருக்காங்களா?"

"இல்லம்மா, அதுதான் அதிசயம். காலையில வெளிக் கண்ணாடியில நிப்பா. அப்ப தெருவுலேருந்து தரிசனம். உச்சிக்கு மேல வெயில் தாங்காம உள் கண்ணாடிக்கு வந்துடுவா. ஏசிய போட்டா இன்னும் சீக்கிரம் வருவா."

"ராத்திரி ஏசி உண்டா?"

"நான்தான் கொட்டகையில கெடக்கேனே, யாருக்குப் போடுறது?"

நீலாம்பாள் ஜன்னலை நெருங்கினாள். கீழ்ச்சட்டத்தில் பக்தர்கள் சர்க்கரைப் பொங்கலை அப்பியிருந்தார்கள். எறும்புச் சாரை ஒன்று பொங்கலில் தொடங்கி, ரப்பர் பசையின் மீதே ஏறி, கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் இறங்கியது.

"எறும்புகூடப் பிரதட்சணம் பண்ணுது பாருங்க" என்றார் அரசப்பன்.

அம்மனைப் பார்த்ததைவிட அந்த எறும்புகளை அவள் அதிக நேரம் பார்த்தாள். எனக்கு அப்போது காரணம் புரியவில்லை.

வரிசையின் தலைமாட்டில் வேப்பிலைக் கொத்தோடு ஓர் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். எழில்மொழிக்கு அவளைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"எங்கம்மா மேடம். அம்சம். தெனம் மொத பஸ்ஸுக்கே வந்துடுறாங்க. கம்பெனிக்கு வந்த கஷ்டம் தீரணும்னு வேண்டுதல். அந்தக் கஷ்டமே இந்த ஜன்னல்தான்னு எத்தன தடவ சொன்னாலும் ஏறல."

"துரைராசு படுக்கணும்னு வேண்டியிருக்காரு, அம்மா நிமிரணும்னு வேண்டியிருக்காங்க" என்றேன். "அம்மன் குழம்பித்தான் வெளியவும் உள்ளவும் நடக்குறாங்க போல."

நீலாம்பாள் சிரித்துவிட்டாள். பிறகு, "அந்த நீர்மோர் அண்டாவுலேருந்து ஒரு ஐஸ் கட்டி எடுத்து உங்க துண்டுல கட்டிக்கிட்டு வெளியில போங்க. வெளிக் கண்ணாடியில ஒரு ஓரமா அழுத்திப் பிடிங்க. ஐயா, இஸ்திரிப் பெட்டி இருக்குங்களா?"

"எதுக்கும்மா?"

"அம்மனுக்குக் குளிருது."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. நான் துண்டில் ஐஸ் வழிய நின்றேன். உள்ளே நீலாம்பாள், துணி சுற்றிய இஸ்திரிப் பெட்டியை, இளஞ்சூட்டில், அம்மனுக்கு எதிரே கண்ணாடியோடு ஒட்டியும் ஒட்டாமலும் நகர்த்திக்கொண்டிருந்தாள். முதலில் சூலம் போனது. பிறகு கிரீடம். என் துண்டைச் சுற்றி வெளிக் கண்ணாடியின் உள்முகத்தில், ஒரு ரூபாய் அளவுக்கு, வெள்ளையாக ஏதோ பூக்க ஆரம்பித்தது. பார்க்கப் பார்க்கத் தோசை அளவுக்கு வளர்ந்தது.

யாரோ குலவை போட்டார்கள். உடனே எல்லோரும் போட்டார்கள்.

அரசப்பன் கை கூப்பிக்கொண்டு நீலாம்பாளிடம் வந்தார். "தாயி, இன்னும் ரெண்டடி தள்ளி அந்த மூலையில நிறுத்த முடியுமா? பீரோவத் தொறந்துக்கலாம்."

நான் உள்ளே வந்ததும் அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஈரமா இருந்தா அவ்வளவு ஐஸுக்குச் சொட்டி வழிஞ்சிருக்கணும். வழிஞ்சுதா?"

"இல்ல. பொரிமாவு தூவுன மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது."

"ஈரமா இருந்தா முத்து அத விட்டும் வெக்காது, குடிச்சிருக்கும்" என்றாள் எழில்மொழி.

"அப்ப இது தண்ணி இல்ல. வெள்ளையா இருக்கும், காஞ்சிருக்கும், சூடு பட்டா காணாமப் போகும், குளிர்ச்சி கண்டா வந்து ஒட்டிக்கும். அது என்ன?"

"ஒங்க அண்ணன்" என்றேன்.

"சூடம்" என்றாள் நீலாம்பாள்.

எழில்மொழி நெற்றியில் அடித்துக்கொண்டாள். சூடம் உருகாமலே ஆவியாகும், ஆவி குளிர்ந்த இடத்தில் படியும். அவள் படித்த பாடம்தான் அது. ஆனால் அடைத்துவைத்த ஜன்னலுக்குள் சூடம் இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் இருந்திருக்காது.

அதே நேரம் தெருவில் ஒரு கார் வந்து நின்றது. செருப்பு டோக்கனைக் கையில் பிடித்தபடி, நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஆர்கிடெக்ட் பாத்திமா வாசற்படியில் நின்றார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, நெற்றிக்கு மேல் ஏற்றிய மூக்குக்கண்ணாடி. பந்தலைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், கடைசியில் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"உள்ள வெள்ள அடிச்சிருச்சேம்மா எழில். சீல் போயிருச்சு." அவருக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது. "அங்க உப்பளம் வாசல்லயே இருக்கு. புயல் வேற. வருஷம் தாங்காத ஜன்னல நான் எப்படி எழுதிக் குடுப்பேன், சொல்லு."

அவர் திரும்பி இரண்டடி வைத்தார்.

நீலாம்பாள் குரலை உயர்த்தினாள். வரிசையின் வால் வரைக்கும் கேட்டிருக்கும்.

"கொஞ்சம் நில்லுங்கம்மா. சீல் எல்லாம் போகல. யாரோ உள்ள சூடத்த வெச்சு அடச்சிருக்காங்க. அந்தத் துரைராசு வேலையாத்தான் இருக்கும். ஆம்பள புத்தி, வேற எப்படி இருக்கும்? சூடம் வெச்சா அதோட நாலு மிளகு போடணும்கிறதுகூடத் தெரியல. மிளகு போட்டிருந்தா இப்படிக் கரைஞ்சு போயிருக்குமா?"

"அதானே" என்றாள் வரிசையில் ஒருத்தி.

"எங்க வீட்டுல டப்பாவுல மிளகு போட்டுத்தான் வெப்போம்" என்றாள் இன்னொருத்தி.

"குடும்பம் நடத்துனவ எவளாவது இப்படி வெப்பாளா?" என்று நீலாம்பாள் மேலும் ஏற்றிவிட்டாள். "மிளகு போடத் தெரியாத ஜென்மம்."

"போட்டேனே."

எல்லோரும் திரும்பினார்கள். அம்சம் வேப்பிலையை இறக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கண் கலங்கியிருந்தது. குற்றம் செய்தவள் முகமாகத் தெரியவில்லை. விருந்தில் தன் ரசத்தை யாரோ குறை சொல்லிவிட்ட முகம்.

"நான் கை நெறைய மிளகு போட்டுத்தான் வெச்சேன். என்ன ஜென்மம் கின்மம்னு பேசுறீங்க?"

"அம்மா" என்றாள் எழில்மொழி.

"நீதானேடி சொன்ன, அந்த முத்தெல்லாம் நெல்லுலேருந்து வந்ததுன்னு. நெல்லுன்னா வண்டு விழாதா? நெல்லு கொட்டி வெக்கிற பத்தாயத்துக்கு வெக்கிற மாதிரி ஒரு வில்ல சூடத்தப் பொடிச்சு, மிளகோட அந்தக் குழாய்க்குள்ள போட்டேன். மொத மொத செய்யுற ஜன்னல், வண்டு விழுந்து பேரு கெட்டுடக் கூடாதுன்னு."

"அது சாம்பல்மா. உலையில வெந்த சாம்பல். அதுல எந்த வண்டு வரும்?"

"சாம்பலானா என்ன, நெல்லு நெல்லுதானே?"

"மத்த ஜன்னலுக்கெல்லாமும் போட்டீங்களா?" என்று நீலாம்பாள் கேட்டாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு கேள்விக்குத்தான் அவளுக்குப் பதில் தெரியாமல் இருந்தது.

"எங்க போட? அடுத்த நாளே கையுறை போடு, மூக்க மூடு, தலைய மூடுன்னு ஆரம்பிச்சுட்டா. கிட்டயே விடல."

எழில்மொழி சுவரில் சாய்ந்துகொண்டாள். அம்சம் மெல்ல ஜன்னலைப் பார்த்தாள். வெளிக் கண்ணாடியில் அந்தத் தோசை கலைந்துகொண்டிருந்தது.

"அப்ப நான் வெச்ச சூடத்தையேவா இத்தன நாளா கும்பிட்டுக்கிட்டிருந்தேன்?"

"எல்லாரும் ஏத்திட்டுக் கும்பிடுவாங்க, நீங்க ஏத்தாமலே கும்பிட்டீங்க" என்றேன். அன்றைக்கு அது எத்தனையாவது ஜோக் என்று நீலாம்பாள் கணக்கு வைக்கவில்லை.

பாத்திமா மட்டும் அசையவில்லை. "சரிம்மா. சூடம்னே வெச்சுக்குவோம். அதனால சீல் நல்லாருக்குன்னு ஆயிருமா? சூடமும் இருக்கலாம், ஓட்டையும் இருக்கலாம்."

"உங்க வீட்டுல சீனி டப்பாவுல எறும்பு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"கிராம்பு போடுவோம். எதுக்கு?"

"நாங்க அலமாரி ஓரத்துல ஒரு துண்டு சூடம் வெப்போம். அதுக்கப்புறம் எறும்பு அந்தத் திசைக்கே வராது." நீலாம்பாள் கீழ்ச்சட்டத்தைக் காட்டினாள். "இங்க பாருங்க. முத்து குடிச்சது போக மிச்சமே ஜன்னல் பூரா படியற அளவுக்கு உள்ள சூடம். வெளியில, அந்தப் பசை மேலயே எறும்பு குடும்பத்தோட ஊர்வலம் போகுது. அதுங்களுக்குக்கூட வாசன எட்டல. ஊசி நொழையுற ஓட்ட இருந்தா இந்தப் பொங்கலத் தொட்டிருக்குமா?"

பாத்திமா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். எறும்புச் சாரையோடு கூடவே தன் முகத்தைக் கொண்டுபோனார். பசையின் ஓரமாக மூக்கை வைத்துக் கீழே, பக்கவாட்டில், ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி ஏறி மேலேயும் மோந்து பார்த்தார். அவர் அம்மனுக்கு முத்தம் கொடுக்கிறார் என்று நினைத்து ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடைசியில் ஏசியை நிறுத்தச் சொல்லிவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நீர்மோர் குடித்தார். மேற்கு வெயில் முழுவதும் அந்த ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளங்கையை உள் கண்ணாடியில் வைத்து, எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"சுடல" என்றார்.

கையை எடுத்துவிட்டு எழில்மொழி பக்கம் திரும்பினார்.

"வாசன வெளிய வராத எடத்துல உப்பு உள்ள போகாது. எழில், மொத லாட்டு எப்பத் தருவ? ஆனா ஒண்ணு, உங்கம்மா ஷெட்டுப் பக்கம் வரக் கூடாது."

"நான் எதுக்கு வரேன்?" என்றாள் அம்சம். "வண்டு விழுந்தா என்னக் கேக்காதீங்க."

எழில்மொழி அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். அம்சம் போய் அவள் முதுகில் வேப்பிலைக் கொத்தால் இரண்டு தட்டு தட்டினாள். அது ஆசீர்வாதமா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

வரிசை கலையும் என்று எதிர்பார்த்தேன். கலையவில்லை. மேட்டூர் மதகைப் பார்த்த விவசாயி தன் முறைக்காக நகர்ந்து முன்னால் வந்தார்.

"அது சூடம்தான்னு சொல்லிட்டாங்களே" என்றேன்.

"சூடமா இருந்தா என்னங்க? மதகு தொறந்துதானே இருக்கு?"

அரசப்பன் அந்த ஜன்னலை மாற்ற விடவில்லை. பீரோவைத்தான் கூடத்துக்கு மாற்றினார். அதன் பிறகு அவருடைய மனைவி திரும்பி வந்துவிட்டார்.

திரும்பி வரும் வழியில், ஒரத்தநாட்டைத் தாண்டியதும், நீலாம்பாள் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே பேசினாள். காற்றில் பாதிதான் கேட்டது. "அந்த நர்ஸ் குவார்ட்டர்ஸ்ல மாட்டுனதும் ஒரு தடவ போய்ப் பாக்கணுங்க. நான் உப்பளமே பாத்ததில்ல."

"ஜன்னல் வழியாப் பாக்கலாம்" என்றேன்.

ஐப்பசியில் மழை. கார்த்திகையில் அவளுக்கு முழங்கால் வலி. பிறகு மார்கழி.

பங்குனியில் எழில்மொழி போன் செய்து, கடைசி ஜன்னலும் மாட்டியாயிற்று என்றாள். நாகப்பட்டினம் போய், அங்கிருந்து வேதாரண்யத்துக்குப் பஸ் மாறிப் போனேன். உச்சி வெயில். பணி முடிந்து தூங்கப் போகவிருந்த ஒரு நர்ஸ், யாரோ பெரியவர் ஜன்னல் பார்க்க வந்திருக்கிறார் என்று கதவைத் திறந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஓரமாக நின்றாள். வெளியே உப்பளம் கண் கூசும்படி வெள்ளையாகக் கிடந்தது. கண்ணாடிகளுக்கு நடுவில் ஒன்றுமில்லை. உள்ளங்கையை வைத்தேன்.

சுடவில்லை.